பொங்கல் லீவுல எங்க கூத்து மன்றத்துக்கு கை குடுத்த எல்லாருக்கும்

அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கச்சிங்களே, மன்றத்து சார்பா எல்லாருக்கும் பெரிய வணக்கம். குரூப்ல ஒரு கும்பிடு போட்டு முடிச்சிருக்கலாம், ஆனா யாரு என்ன செஞ்சாங்க, காசு எங்க போச்சுன்னு ஊருக்கே தெரியட்டும்னு கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

செய்யாறு பக்கத்துக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, வெளியூர்ல இருந்து பணம் போட்டவங்களுக்காக சொல்றேன். எங்க பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ங்கள்ல பாரதம் வைக்கறது பங்குனில ஆரம்பிச்சு ஆடி வரைக்கும் போகும், பகல்ல பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல விடிய விடிய கூத்து, அர்ச்சுனன் தபசு, கடைசில துரியோதனன் சாயற படுகளம்னு ஊரே அதுலதான் கெடக்கும். ஆடி முடிஞ்சா அச்சாரம் குடுக்க ஆள் கொறஞ்சிரும், வேஷம் கட்டறவங்க கொத்து வேலைக்கும் தறிக்கும் போயிருவாங்க. அதனால தை மாசத்துல ஒரு முழு ராத்திரி ஆட்டம்னதும் எங்க வாத்தியாருக்கே நம்பிக்கை வரல.

சென்னைலயும் பெங்களூர்லயும் வேலை பாக்கற நம்ம பசங்களுக்கு முதல் நன்றி. "டொனேஷன் வேணாம்ணே, ஆட்டத்துக்கு என்ன கூலியோ அத முழுசா குடுக்கறோம்"னு வெத்தல பாக்கு வச்சு அச்சாரம் குடுத்தீங்க பாருங்க, பேரம் பேசாம, அதுதான்யா மரியாதை. பொன்னாடை எங்ககிட்ட நெறைய இருக்கு. உண்டியல் குலுக்கி குடுக்கறத விட ஆட கூப்புட்டு கூலி குடுக்கறதுதான் கலைஞனுக்கு வேணும்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்கேன், யாரு கேக்கறா.

அடுத்தது பழைய கட்டைங்க, அதான் வேஷத்துக்கு கட்டற மர அணிங்க. கிரீடம், புஜக்கட்டை, மார்பு பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்துல செய்யறது, எடை கம்மி, ராத்திரி பூரா தலைல வச்சு சுத்தி ஆடணும்ல. ஆனா மரம் லேசா இருக்கற மாதிரியே பூச்சிக்கும் லேசா போயிரும், எங்க தாத்தா காலத்து கிரீடத்துல பாதி கண்ணாடி சில்லு கொட்டி, உள்ள மரம் மாவா உதிருது. அத தூக்கி போடாம, மருந்து அடிச்சு, சில்லு ஒட்டி, புதுசா ஜிகினா பேப்பர் வச்சு குடுத்த ஆசாரி அண்ணன் மெட்டீரியல் காசு மட்டும்தான் வாங்கிக்கிட்டாரு. பாட்டு நோட்டுங்கள ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்த காலேஜ் பொண்ணுங்க, லீவுல ஊர் சுத்தாம வெறும் தரைல உக்காந்து அந்த வேலைய முடிச்சாங்க, சில பக்கம் தொட்டாலே ஒடியுது.

எழும்பூர் மியூசியம் 1851ல இருந்து இருக்கு, போய் செப்புத்திருமேனி எல்லாம் பாருங்க, நானும் வாய பொளந்து பாத்தவன்தான். ஆனா நம்ம ஊரு ஆளு தலைல ஏறுன கிரீடத்த நாமதான காப்பாத்தணும்? பால் சொசைட்டில பழைய ரூம விட்டு குடுத்தாங்க, இப்ப அதுதான் எங்க மியூசியம், சிரிக்காதீங்க.

அப்பறம் 80ஜி ரசீது கேட்டவங்களுக்கு. எங்களது வெறும் பதிவு சங்கம்தான், 80ஜி இல்ல, எங்களுக்கு குடுத்தா உங்களுக்கு வரி கழியாது. இத சொன்ன பிறகும் அனுப்புனீங்களே, என்ன சொல்றதுன்னே தெரியல. வரி கழியணும்னா அது இருக்கற டிரஸ்டுக்கு குடுங்க, ரொக்கமா 2000 ரூபாய்க்கு மேல குடுத்தா அங்கயும் கழியாது, பேங்க்லயோ ஜிபேலயோ போடுங்க.

காணும் பொங்கல் ராத்திரி பனில போர்வைய போத்திக்கிட்டு உக்காந்திருந்த ஆயாங்களுக்கும் நன்றி. கர்ணன் சண்டைக்கு கெளம்பறப்ப அவன் பொண்டாட்டி பொன்னுருவி மறிச்சு பேசற எடத்துல, செல்போன் பாத்துட்டு இருந்த பசங்க கூட நிமிந்து பாத்தானுங்க. நாதஸ்வரம் மாதிரி சின்னதா இருக்கற முகவீணைய வாசிக்க இப்ப ஆள் கெடைக்கறதே பெரும்பாடு, பக்கத்து ஊர் பெரியவர கார்ல கூட்டிட்டு வந்து விடிஞ்சதும் வீட்ல கொண்டு போய் விட்ட தம்பி, டீசல் காசு கூட வாங்கல நீ. ராத்திரி பூரா பாய்லர் அணையாம டீ போட்ட அண்ணனுக்கு இன்னும் பாக்கி இருக்கு, இந்த வாரம் குடுத்துருவோம்.

கட்டைங்கள பாக்கணும்னா டீக்கடைல சாவி வாங்கிக்கோங்க, பால் ஊத்தற நேரம் மட்டும் வேணாம். பங்குனி பொறந்துட்டா சரி பண்ணதெல்லாம் பொட்டில ஏறி ஆட்டத்துக்கு கெளம்பிரும், அதுக்குள்ள வந்துருங்க.