பொதுவான கோட் (code) எங்கே இருக்க வேண்டும்?

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. புது வேலை பிடித்துப்போனதில் சந்தோஷம். எனக்கு இப்போதெல்லாம் கோட் எழுதுவதைவிட மற்றவர்கள் எழுதியதை ரிவ்யூ செய்வதுதான் அதிகம். அதனால் நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வாய் துறுதுறுக்கிறது.

பைத்தானில் வெப்சைட் கட்டும் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் ஒரே புராஜெக்ட், அதற்குள் தனித்தனிப் பகுதிகளாக ஏழெட்டு ஆப் இருக்கின்றன, பொதுவான கோடுக்கெல்லாம் 'காமன்' என்று ஓர் ஆப் தொடங்கிவிடலாமா என்கிறாய். தொடங்கலாம். ஆனால் அது சீக்கிரமே பரண் மாதிரி ஆகிவிடும். எங்கே வைப்பதென்று தெரியாததெல்லாம் மேலே ஏறும், எதுவும் கீழே இறங்காது.

பொதுக் கோட் என்றாலே ஆப்பாக இருக்க வேண்டியதில்லை. போன் நம்பரைச் சரிபார்க்கும் ஃபங்ஷனுக்குச் சாதாரண பைத்தான் மாடியூல் போதும். உருவாக்கிய நேரம், திருத்திய நேரம் இரண்டும் எல்லா மாடலிலும், அதாவது டேபிளின் வடிவத்தைச் சொல்லும் கிளாஸிலும், வேண்டுமென்றால், மற்ற மாடல்கள் வாரிசாக எடுத்துக்கொள்ளும் ஓர் அப்ஸ்ட்ராக்ட் மாடல் எழுது. அதற்கெனத் தனி டேபிள் வராது. டேபிள் மாற்றங்களை எழுதிவைக்கும் மைக்ரேஷன் ஃபைல் அந்தந்த ஆப்பிலேயே உருவாகும்.

நான் பிடிவாதமாக இருப்பது ஒரு விஷயத்தில்தான். ஆர்டர் ஆப் காமனை இம்போர்ட் செய்யலாம், காமன் ஆர்டரை இம்போர்ட் செய்யவே கூடாது. இன்வாய்ஸை மெயிலில் அனுப்பும் ஃபங்ஷன் இரண்டு இடத்தில் தேவை என்று யாராவது அதைக் காமனுக்கு நகர்த்துவார்கள். அதற்கு இன்வாய்ஸ் மாடல் வேண்டும், இன்வாய்ஸ் ஆப்போ ஏற்கெனவே காமனை இம்போர்ட் செய்துகொண்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று இம்போர்ட் செய்வதால் சர்குலர் இம்போர்ட் எர்ரர் வந்ததும் இம்போர்ட் வரியை ஃபங்ஷனுக்குள் தள்ளுவார்கள். எர்ரர் போய்விடும், முடிச்சு அப்படியே இருக்கும். அந்த ஃபங்ஷனை இன்வாய்ஸ் ஆப்பிலேயே விட்டுவிட்டு, வேண்டியவர்கள் அங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டால் என்ன? இரண்டு ஆப் மாறி மாறிக் கூப்பிட்டே தீர வேண்டுமென்றால், பெரும்பாலும் அவை ஒரே ஆப்தான். ஒரு டேபிளிலிருந்து இன்னொன்றைச் சுட்டும் வெறும் ஃபாரின் கீ என்றால் மாடல் பெயரை ஸ்ட்ரிங்காகக் கொடுத்துவிடு, இம்போர்ட்டே வேண்டாம். ஒன்று நடந்ததும் வேறொரு ஃபங்ஷனைத் தானாக இயக்கும் சிக்னல் வைத்துச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எது எதை இயக்குகிறது என்று பிறகு தேடி அலைபவர்கள் வேறு ஆட்கள்!

இம்போர்ட் லின்ட்டர் என்று ஒரு டூல் இருக்கிறது. எந்த ஆப் எதை இம்போர்ட் செய்யலாம் என்று அதில் எழுதிவைத்து, கோட் சேரும்போதெல்லாம் தானாகச் சோதிக்கும் சிஐயில் (CI) ஓடவிட்டால், ரிவ்யூவில் வாக்குவாதம் குறையும்.

அப்புறம், இன்னொரு புராஜெக்ட்டுக்கும் இதே கோட் போகும் என்றாயே, அப்போது தனி பேக்கேஜாக்கிவிடு. அதில் மாடல் இருந்தால், ஆப் கான்ஃபிக்கில், தானாக உருவாகும் ஐடி எந்த வகை என்று சொல்லும் டிஃபால்ட் ஆட்டோ ஃபீல்டைக் கட்டாயம் குறிப்பிடு. ஜாங்கோ 3.2-இல் வந்த வசதி அது. விட்டுவிட்டால், பயன்படுத்தும் புராஜெக்ட்டின் செட்டிங் வேறாக இருக்கும்போது மேக்மைக்ரேஷன்ஸ் கமாண்ட் புது மைக்ரேஷன் ஃபைலை, இன்ஸ்டால் செய்த பேக்கேஜ்கள் இருக்கும் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டருக்குள் எழுதிவிடும். அந்த ஃபைல் உன் கிட் (Git) ரெப்போவில் இருக்காது, மைக்ரேட் செய்தால் அதன் மாற்றம் டேட்டாபேஸில் மட்டும் இருக்கும்.

இரண்டே இடத்தில் வரும் பத்து வரியை இப்போதைக்குத் தொடாதே. மூன்றாவது இடத்தில் வரட்டும், பார்க்கலாம். இப்போது எந்த ஆப் எதை இம்போர்ட் செய்கிறது என்று ஒரு படம் போட்டு அனுப்பு, பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
சங்கர்