மாணவர் விவரம் யாரிடம் செல்ல வேண்டும்?

ஐயா,

காவல்துறை விசாரணைக்கு உள்ளான மாணவர்களின் விவரங்களை அவரவர் பள்ளிக்குத் தெரிவிக்கும் யோசனை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். போதைப் பழக்கம் வகுப்பறை வாசல்வரை வந்துவிட்ட நிலையில், பள்ளி எதுவும் அறியாமல் இருப்பது நல்லதல்ல என்பதை ஏற்கிறேன். ஆயினும் அத்தகவல் யார் கையில், எந்த வடிவில் சேர்கிறது என்பதைப் பொறுத்தே அது உதவியாவதும் தண்டனையாவதும் அமையும். முடிந்துபோன வழக்கில், நன்னடத்தைச் சான்றுக்காகக்கூட ஒரு சிறாரின் பதிவைக் காவல்துறை வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 74இல் கூறுவது இதனால்தான்.

குளச்சல் பகுதியில் நான் ஆசிரியராகப் பணியாற்றியபோது, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனைத் திருட்டு தொடர்பாக விசாரித்த செய்தி காலையில் தொலைபேசியில் வந்தது. மதியத்துக்குள் ஆசிரியர் அறையும், மாலைக்குள் (வேன் ஓட்டுநர் உட்பட) ஊரும் அறிந்துவிட்டன. மறுவாரமே அவன் மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு விசைப்படகில் வேலைக்குப் போனான். அவனுக்குத் தொடர்பில்லை என்று தெரியவந்தபோது அவன் ஆழ்கடலில் இருந்தான்.

அச்சட்டப்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இருக்க வேண்டிய குழந்தை நலக் காவல் அலுவலர் மட்டுமே, பெற்றோருக்குத் தெரிவித்துவிட்டு, தலைமையாசிரியர் ஒருவருக்கு மட்டும் எழுத்து மூலம் தகவல் அளிக்க வேண்டும். அதன் அடிப்படையில் எந்த மாணவரையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை