பெயிண்ட் அடித்த காரில் பின்விளக்கு ஏன் எரிவதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கார்களைப் புதுப்பிக்கிறவர்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை ஆசையாகப் படித்தேன். பெயிண்ட், குரோம், சீட் தையல், இன்ஜின் எல்லாம் விரிவாக வந்திருந்தன, சந்தோஷம். ஆனால் வயரிங்கை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பின்விளக்கு மக்கர் செய்தால் வயரை மொத்தமாக மாற்றிவிட வேண்டும் என்கிற அந்த யோசனையை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. புத்தம்புது வயரிங் போட்ட வண்டியிலும் அதே கோளாறு அப்படியே இருக்கும், ஏனென்றால் முக்கால்வாசி நேரம் கோளாறு வயரில் இல்லை, எர்த்தில், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற பாதையில் இருக்கிறது.

பழைய கார்கள் பலவற்றில் பின்விளக்குக்கென்று தனி எர்த் வயர் கிடையாது. விளக்கின் உலோகக் கூடு பாடியோடு திருகப்பட்டிருக்கும், அந்தத் திருகு வழியாகத்தான் கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, அதன்மேல் கோட்டுக்கு மேல் கோட்டாகப் பெயிண்ட் அடித்து, புது ரப்பர் கேஸ்கட் வைத்து விளக்கைப் பூட்டுகிறோம். பெயிண்ட்டும் கரண்டைக் கடத்தாது, ரப்பரும் கடத்தாது. துருப்பிடித்த நிலையில் மங்கலாகவாவது எரிந்த விளக்கு, பளபளவென்று ஆன பிறகு எரியவில்லை என்று பலர் திகைப்பது இதனால்தான்.

எர்த் இல்லாத விளக்கு காட்டுகிற அறிகுறிகள் விசித்திரமாக இருக்கும், பார்க்கிறவர்கள் சுவிட்ச் போய்விட்டது, வயர் மாறிவிட்டது என்றெல்லாம் நினைத்துக்கொள்வார்கள். பின்பக்க பல்பில் இரண்டு இழைகள் உண்டு, பிரேக்குக்கு 21 வாட், இரவில் எரிவதற்கு 5 வாட். இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். அந்த எர்த் விட்டுப்போனால் கரண்ட் சும்மா இருக்காது, கிடைத்த வழியில் போகும். லைட் சுவிட்சைப் போடாமல் பிரேக்கை மட்டும் மிதித்துப் பாருங்கள், 21 வாட் இழைக்குள் போன கரண்ட் 5 வாட் இழை வழியாகப் பின்னோக்கிப் போய், அடுத்த பக்கத்து விளக்கையும் நம்பர் பிளேட் விளக்கையும் லேசாக எரிய வைக்கும், சில வண்டிகளில் டேஷ்போர்டு விளக்குகூட மினுக்கும். லைட்டைப் போட்டுவிட்டு பிரேக்கை மிதித்தாலோ, எரிந்துகொண்டிருந்த அந்த விளக்கு அணைந்தே போகும், ஏனென்றால் இப்போது இரண்டு முனையிலும் 12 வோல்ட், கரண்ட் ஓடவே இடமில்லை. பிரேக் போடும்போது அணைகிற பின்விளக்கு எவ்வளவு ஆபத்து என்று பின்னால் வருகிறவரைத்தான் கேட்க வேண்டும்.

சோதிக்கும் முறையிலும் ஒரு தவறு பரவலாக இருக்கிறது. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் வோல்ட் அளக்கிற மல்டிமீட்டரை வைக்கிறார்கள், 12 வோல்ட் காட்டுகிறது, வயர் நல்லாத்தான் இருக்கு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உள்ளே செம்பு இழைகள் எல்லாம் அறுந்து ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 காட்டும், மீட்டர் இழுக்கிற கரண்ட் அவ்வளவு குறைவு. அதனால் பல்ப் மாட்டியிருக்க வேண்டும், பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்த நிலையில் மீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் உலோகக் கூட்டிலும் மறு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் வைக்க வேண்டும். 0.1, 0.2 வோல்ட் காட்டினால் சரி. அதற்கு மேல் போனால் எர்த் சரியில்லை. மீட்டர் கையில் இல்லையா, ஒரு நீள வயரை பேட்டரி எர்த்திலிருந்து இழுத்து ஹோல்டர் கூட்டில் தொட்டுப் பாருங்கள், விளக்கு பளிச்சென்று எரிந்தால் விஷயம் தெரிந்துவிட்டது.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. திருகு உட்காரும் இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, துருப்பிடிக்காமல் மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். என்னைக் கேட்டால் ஒவ்வொரு ஹோல்டரிலிருந்தும் தனியாக ஒரு வயரை இழுத்து சேஸிஸ் போல்ட்டில் கட்டிவிடுவதுதான் நல்லது, வெளியே தெரியாது, பழமையும் கெடாது. 6 வோல்ட் வண்டிகளுக்கு இது கட்டாயம். 12 வோல்ட்டில் 21 வாட் பல்ப் 1.75 ஆம்பியர் எடுக்கும், 6 வோல்ட் வண்டியின் 21 வாட் பல்புக்கு 3.5 ஆம்பியர், கொஞ்சம் களிம்பு ஏறிய இணைப்பிலேயே வெளிச்சம் பாதியாகிவிடும்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் அது வேறு கதை, எங்கோ ஷார்ட், அதாவது உறை தேய்ந்த வயர் பாடியைத் தொடுகிறது. பெரிய ஃபியூஸைப் போட்டுச் சமாளிப்பதை எப்படியாவது தடுக்க வேண்டும், வயர் எரிந்து வண்டியே போய்விடும். ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு 21 வாட் பல்பை இணைத்து, பின்பக்க பல்புகளைக் கழற்றிவிட்டு, லைட் சுவிட்சைப் போடுங்கள். ஷார்ட் இருக்கும்வரை அந்த பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். அப்புறம் வயரை டிக்கியின் கீல் பக்கம், கிளிப் மாட்டிய இடங்கள், ரப்பர் இறுகிப்போன துளைகள் என்று ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டே போங்கள், எங்கே அசைக்கும்போது அணைகிறதோ அங்கேதான் உறை தேய்ந்திருக்கிறது.

வயரை மொத்தமாக மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. துணி சுற்றிய பழைய வயர், வளைத்தாலே உறை பொடிப்பொடியாக உதிர்கிறது என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் நல்ல வயரை வெட்டி எறிந்துவிட்டு, அதே பெயிண்ட்டின் மேல் அதே விளக்கைத் திரும்பப் பூட்டினால் என்ன பயன்?

இந்த வரிசையில் அடுத்த கட்டுரை வரும்போது, ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனையும் பேச வையுங்கள். எர்த் சோதனையைப் படம் போட்டு விளக்கினால் வீட்டிலேயே வண்டியைப் புதுப்பிக்கிற எத்தனையோ பேருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பழைய கார் பிரியரான ஒரு வாசகர்