பேருந்தில் எழுதிய குறள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலக்கியம் வயிற்றுப்பாட்டுக்கு உதவாது என்போருக்கு, அரசுப் பேருந்துகளில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்புறம் எழுதப்படும் திருக்குறளையே நான் பதிலாகச் சொல்வேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பூ வியாபாரத்துக்குப் போன என் தாயார், கூடையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஒன்றே முக்கால் அடியை எழுத்துக்கூட்டிப் படித்தே தம் வாசிப்பைக் காப்பாற்றிக்கொண்டார். 'இனிய உளவாக இன்னாத கூறல் கனிஇருப்பக் காய்கவர்ந் தற்று' என்ற 100-ஆவது குறள் அவருக்கு அப்படித்தான் மனப்பாடம் ஆனது. பின்னாளில் வீட்டில் யாராவது கடுஞ்சொல் பேசினால் அவர் வாதாட மாட்டார், "பழம் இருக்குதே, காய் எதுக்கு?" என்று மட்டும் கேட்பார். பேச்சு அடங்கிவிடும்.

பரிமேலழகர் உரையைக் கேள்விப்பட்டே இராத ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லாகி, ஏழு சீர்களே கொண்ட ஒரு செய்யுள் ஒரு குடும்பத்தின் சண்டைகளைத் தணித்ததை நான் கண்ணால் கண்டவன். தேர்வுக்காக நான் உருப்போட்ட செய்யுள்கள் பல மறந்துவிட்டன. அவர் சொன்ன குறள் மறக்கவில்லை.

நான் அன்றாடம் செல்லும் பேருந்தில் இப்போது அந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம் ஒட்டப்பட்டு, குறளின் கடைசிச் சீர் மட்டும் வெளியே தெரிகிறது. வருமானம் தேவைதான், ஆனால் விளம்பரத்துக்குப் பேருந்தின் பக்கவாட்டில் தாராளமாக இடம் இருக்கிறது. நின்றுகொண்டே பயணம் செய்பவர் நிமிர்ந்து பார்க்கும் அந்தச் சிறு பலகையைக் குறளுக்கே விட்டுவைக்கவும், எழுத்து மங்கிய இடங்களில் எளிய பொருளோடு புதிதாக எழுதவும் போக்குவரத்துத் துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்