முதலீட்டு ஆலோசனைச் செயலிகள்: ஆய்வு எங்கே நடக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதலீட்டாளரிடம் சில கேள்விகளைக் கேட்டு, எதில் எவ்வளவு போடலாம் என்று செயலியே சொல்லிவிடும் தானியங்கி நிதி ஆலோசனை பற்றிய ஆய்வுகள் கடந்த பத்தாண்டுகளில் வேகமாகப் பெருகியுள்ளன. சென்னைக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் கற்பிக்கும் நான் இதை வரவேற்கிறேன். ஆனால் அவை போகும் போக்கு எனக்கு உடன்பாடானதாக இல்லை.

என் பார்வைக்கு வரும் ஆய்வேடுகளில் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை. புதிய தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பதை விளக்க ஃபிரெட் டேவிஸ் 1989-இல் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரியை எடுத்துக்கொண்டு, ‘இச்செயலி பயனுள்ளது’, ‘இதை நம்புகிறேன்’ போன்ற வரிகளுக்கு எதிரே ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ தொடங்கி ஐந்து கட்டங்கள் அமைத்து, கூகுள் படிவமாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுக்கு விடுகிறார்கள். நிரப்பித் தருவோர் பெரும்பாலும் சக மாணவர்கள். எஸ்ஐபி எனும் தவணை முறை முதலீடு ஒன்றைக் கூடத் தொடங்கியிராதவர்கள் அவர்களில் நிறையப் பேர். அதன் பிறகு செய்யப்படும் புள்ளியியல் கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தும் என்ன பயன்?

இத்துறையில் பெரிதும் பேசப்படும் ஆய்வுகளுள் ஒன்று இந்தியத் தரவைக் கொண்டே எழுதப்பட்டது என்பது நம் மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். டி’அக்குன்டோ, பிரபாலா, ரோஸி ஆகியோர் 2019-இல் வெளியிட்ட அந்த ஆய்வு, இந்தியத் தரகு நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர்கள் தானியங்கிக் கருவியைப் பயன்படுத்துவதற்கு முன்னும் பின்னும் செய்த பரிவர்த்தனைகளை ஆராய்ந்தது. இரண்டொரு பங்குகளிலேயே பணத்தை முடக்கியிருந்தவர்கள் முதலீட்டைப் பரவலாக்கினர். அவர்களுடைய முதலீட்டு மதிப்பின் ஏற்ற இறக்கம் குறைந்தது. ஏற்கெனவே பரவலாக முதலீடு செய்திருந்தவர்களுக்கோ பெரிய ஆதாயம் இல்லை. லாபத்தில் உள்ள பங்கை அவசரமாக விற்று, நஷ்டத்தில் உள்ளதைப் பிடித்துக்கொண்டிருக்கும் வழக்கமும் தணிந்தது. யாருக்குப் பயன், யாருக்கு இல்லை என்ற இந்த வேறுபாடு கணக்கேட்டைப் புரட்டினால்தான் தெரியும்.

இன்னொன்று. அமெரிக்காவில் சார்லஸ் ஷ்வாப் குழும நிறுவனங்கள், ஆலோசனைக் கட்டணமே இல்லை என்று விளம்பரப்படுத்திய தானியங்கிச் சேவையில் வாடிக்கையாளர் பணத்தின் ஒரு பகுதியை ரொக்கமாகவே வைக்கச் செய்து, அதைக் கடனாகக் கொடுத்து வருவாய் ஈட்டியதைச் சரிவரத் தெரிவிக்கவில்லை என்ற புகாரில், 2022-இல் 18 கோடியே 70 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. குற்றத்தை அவை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அந்த வாடிக்கையாளர்களிடம் ‘இதை நம்புகிறீர்களா?’ என்று கேட்டிருந்தால், ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பார்கள்!

நம் ஊர்க் குடும்பங்களில் சேமிப்பு நகையாகவும், சீட்டாகவும், அஞ்சலக வைப்பாகவும் கிடக்கிறது. இவை எதையும் விசாரிக்காமல், ‘சந்தை 20 சதவீதம் சரிந்தால் விற்பீர்களா?’ என்ற கேள்விக்கு வரும் பதிலை வைத்து ஒருவரின் இடர் தாங்கும் திறனைத் தீர்மானிப்பது சரிதானா என்பது சென்னையிலேயே ஆராயத்தக்க பொருள். முதலீட்டு ஆலோசகர்களுக்கான 2013-ஆம் ஆண்டு விதிமுறைகளை 2024 டிசம்பரில் திருத்திய, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துவதற்கான பொறுப்பை ஆலோசகர் மீதே வைத்துள்ளது. அப்பொறுப்பு நடைமுறையில் எப்படி நிறைவேறுகிறது என்பதும் முனைவர் பட்ட ஆய்வுக்கு உரியதே.

இதற்குத் தரவு வேண்டும். தனி மாணவர் போய்க் கேட்டால் எந்த நிறுவனமும் தராது. ஆகவே பல்கலைக்கழகங்களே முன்வந்து, பதிவுபெற்ற ஆலோசனை நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்து, பெயர், பான் எண் முதலியவை நீக்கப்பட்ட பரிவர்த்தனை விவரங்களை ஆய்வாளர்களுக்குப் பெற்றுத்தர வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வணிகவியல் ஆசிரியர்,
நங்கநல்லூர், சென்னை.