ஷெரிப்பின் மேசையில் ஒரு படிவம்

ஆசிரியருக்கு,

குடியேற்றச் சட்ட விஷயத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில அரசும் அங்குள்ள கவுன்டிகளும் (நம் மாவட்டம் போன்றவை) மோதுவது வெறும் கட்சிச் சண்டை அல்ல. உள்ளூர் சிறையில் எடுக்கும் கைரேகை எஃப்.பி.ஐ. வழியாக உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குப் போகிறது. அவர் நாடுகடத்தத் தக்கவர் என்று தோன்றினால், பதிலுக்கு ஐ-247ஏ படிவம் வரும்: விடுதலையாக வேண்டியவரை மேலும் 48 மணி நேரம் வரை பிடித்து வையுங்கள் என்ற கோரிக்கை. கூடவே வரும் வாரண்டில் இருப்பது குடியேற்றத் துறை அதிகாரியின் கையெழுத்து, நீதிபதியுடையது அல்ல. சிக்கலின் வேர் இதுதான். வெறும் கோரிக்கையை நம்பி ஒரு பெண்ணை அடைத்து வைத்ததற்கு ஒரிகான் மாநிலத்தின் கிளாக்கமஸ் கவுன்டியே பொறுப்பு என்று 2014-இல் தீர்ப்பு வந்தது.

டெக்சாஸின் எஸ்.பி.4 சட்டமோ (2017) அந்தக் கோரிக்கையை மறுக்கும் ஷெரிப்பின் (கவுன்டியின் காவல் தலைவர்) பதவியையே பறிக்கும். முதல் மீறலுக்கு 1,000 டாலரில் தொடங்கும் அபராதம், அடுத்த மீறலுக்கு 25,000 டாலருக்குக் குறையாது. இதன் பெரும்பகுதியை 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது. மத்திய அரசு மாநில அதிகாரிகளை ஏவ முடியாது என்ற 1997-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, மாநிலமே ஏவும்போது கவுன்டிக்கு உதவாது. மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த ஷெரிப்பை இப்படி மிரட்டுவது அநியாயம். நீதிபதி கையெழுத்திட்ட வாரண்டைக் கட்டாயமாக்கினால் பாதிச் சண்டை தீரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்