பென்டிரைவோடு நிறுத்த வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் கணினிப் பக்கத்தில் பேக்கப் என்றாலே பென்டிரைவ்தான் வருகிறது. காரைக்குடியில் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளுக்கும் கண்டாங்கிச் சேலைக் கடைகளுக்கும் பில் மென்பொருள் எழுதித் தருபவன் நான். கடைக்கு ஒரு கிட் ரெப்போ, அதாவது கோடின் மாற்றங்களை வரலாறாகச் சேர்த்துவைக்கும் ஃபோல்டர். தினமும் ஒவ்வொரு ஃபோல்டராகப் போய், அதை கிட்ஹப் என்ற இணையச் சேமிப்புத் தளத்துக்கு அனுப்பும் ‘கிட் புஷ்’ கட்டளையை அடிக்க யாருக்குப் பொறுமை? ஒரு சின்ன பாஷ் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) எல்லாவற்றிலும் நுழைந்து அனுப்பிவிடுகிறது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அதை இரவில் கிளப்பிவிடும். கரன்ட் போய் கணினி அணைந்திருந்தால் கிரான் விட்டதைப் பிடிக்காது, விட்டதைப் பிறகு ஓட்ட அனாக்ரான் இருக்கிறது.

கமிட் செய்யாத, அதாவது கிட் வரலாற்றில் பதியாத மாற்றம் புஷ்ஷில் போகாது. சரி, ஸ்கிரிப்டே கமிட்டும் செய்யட்டும் என்கிறார்கள் இங்குள்ள பையன்கள். எனக்கு உடன்பாடில்லை. அரைகுறைக் குப்பையோடு கடைக்காரரின் பாஸ்வேர்டும் சேர்ந்து போய்விடும்! தளத்தில் இருப்பதன்மேல் கட்டாயமாக எழுதும் ‘ஃபோர்ஸ்’ புஷ்ஷும் வேண்டவே வேண்டாம். ஆளில்லாத நேரத்தில் அங்குள்ள வரலாற்றையே அழித்துவிடும்.

கிட்ஹப் 2021 ஆகஸ்டிலிருந்து புஷ்ஷுக்குக் கணக்கு பாஸ்வேர்டை ஏற்பதில்லை. அதற்குப் பதில் கணினியில் வைத்திருக்கும் எஸ்எஸ்எச் சாவி ஃபைல் போதும். ஒரு ரெப்போ தோற்றாலும் ஸ்கிரிப்ட் நிற்காமல் அடுத்ததற்குப் போய், தோற்றதை லாக் என்ற பதிவு ஃபைலில் எழுதட்டும். 100 எம்பியைத் தாண்டிய ஃபைல் இருந்தால் கிட்ஹப் ஏற்காது, புஷ் தோற்றுவிடும்.

இதையும் ஒரு வாரம் எழுதுங்களேன்.

– வாசகர், காரைக்குடி